உயிரும் காலமும் உடம்பும்: ஜெர்மானிய மெய்யியலாரும் சைவ சித்தாந்தமும்

சிவமயம்

திருவருளை முன்னிட்டு இப்பொருளை எடுத்துக்கொள்கின்றோம். கேகாலைப் பகுதியின் தோட்டப் பாடசாலைகளிலே சைவநெறிப் பாடங் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்கள் கையில் இருப்பன சிறு பாடநூல்கள். அவர்கள் எதிரே அமர்ந்திருப்போர் ரப்பர் மரங்களிற் பால்வெட்டுவோருடைய மக்கள். அத்தகைய வகுப்பிலே ஜெர்மனி தேயத்து மெய்யியலாரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று ஒருவர் வினவலாம். வினவுதல் முறையே, விடையும் உண்டு. உயர்தர வகுப்பில் இந்து நாகரிகம் பயிலும் மாணவனுக்கு உலகத்து நூல்களின் செய்தியெல்லாம் இக்காலத்திற் கைப்பேசி வழியாக எட்டுகின்றது. உயிர் என ஒன்று தனியே உண்டென்று நாட்டல் இயலாது என்றும், காலம் நம் அறிவின் ஓர் அமைப்பே என்றும், உடம்பே நாம் என்றும் மேனாட்டார் கூறினார் என அவன் கேள்வியுறுகின்றான். கேட்டவற்றை வகுப்பிற் கேள்வியாக வைக்கின்றான். அக்கேள்விக்கு முன் ஆசிரியர் வாளா இருத்தலும் தகாது; சினந்து அடக்கலும் தகாது.

இதனை அணுகும் முறைமையை நமக்குப் புதிதாக ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. சிவஞான சித்தியாரை அருளிய அருணந்தி சிவாசாரியர், தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுமுன், பரபக்கத்திற் பிறருடைய மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவ்வம் மதத்தார் தாமே வந்து பேசினாற் போல அவர் கூற்றை முதலிற் கூறி, பின்பே மறுத்தருளினார். உலகாயதன் கூற்றையும் அவர் சுருக்கிக் கெடுத்தாரல்லர். பிறன் கூற்றை அவன் ஒப்புமாறு எடுத்துரைத்தற்கு ஆற்றல் இல்லாதவன் அதனை மறுத்தற்கும் உரியனல்லன் என்பதே அந்நூலின் அமைப்பு நமக்குக் காட்டும் நெறி. இக்காலத்தில் நம்மவர் இருவகையாற் பிழைபடுகின்றனர். ஒரு சாரார், மேனாட்டார் கண்டனவெல்லாம் நம் சாத்திரத்தில் முன்னரே உள்ளன என்று கூறி நூலைத் திறவாமலே மகிழ்கின்றனர். மற்றொரு சாரார், மேனாட்டான் ஒருவன் புகழ்ந்தாலன்றி நம் சாத்திரத்துக்கு மதிப்பில்லை என்று ஏங்குகின்றனர். இருவரும் ஆராய்ச்சியின்மையில் ஒப்பர்.

ஜெர்மானியர் நம் நூல்களை ஆராய்ந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுதல் நலம். லீப்சிக் நகரத்து லூத்தரன் சங்கத்தின் தலைவராயிருந்த கார்ல் கிரவுல் என்பார் 1856ஆம் ஆண்டிலே திருக்குறளை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிட்டார். அச்சங்கத்தின் சார்பாகத் தமிழ்நாட்டிற் பணிபுரிந்த ஷோமெருஸ் என்பார் 1912ஆம் ஆண்டிலே சைவ சித்தாந்தத்தை விரித்து ஒரு பெருநூல் ஜெர்மன் மொழியில் எழுதினார். 1923இல் திருவாசகத்தையும் அம்மொழியிற் பெயர்த்து வெளியிட்டார். அவர் தம் சமயமே மேலானது என்னும் கொள்கையை விட்டவரல்லர். எனினும் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளையும், முப்பத்தாறு தத்துவங்களையும், மெய்கண்ட சாத்திரங்களின் சொல்வழியே நின்று பொறுமையுடன் எடுத்துரைத்தார். மாற்றுச் சமயத்தார் ஒருவர் நம் பொருட்டுச் செய்த பரபக்கம் அது எனலாம். யாமும் கிறித்தவச் சபையார் நடாத்திய பாடசாலையிலேயே கல்வி கற்றோம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களும் (1822 - 1879) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிற் கற்றும் கற்பித்தும், பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றும், அதன்பின்பே சைவத்தை விளக்கப் புறப்பட்டார்கள். பிறரிடங் கற்றல் இழுக்கன்று. கற்றதைத் தன் பொருளோடு வைத்து நிறுத்துப் பாராமையே இழுக்கு.

இன்னுமொன்று குறிக்கத்தக்கது. சோப்பன்ஹவர் முதலிய ஜெர்மானியர் இந்திய ஞானம் என்று அறிந்தது பெரும்பாலும் உபநிடதங்களையும், அவற்றுக்குச் சங்கரர் வழியிற் கொண்ட பொருளையும், பௌத்தத்தையுமே. உபநிடதங்கள் பாரசீகத்திலும், அதிலிருந்து 1801, 1802ஆம் ஆண்டுகளில் இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டு அவர் கையை அடைந்தன. தமிழிலுள்ள சித்தாந்தம் அவர்க்கு எட்டவில்லை. ஆதலின் ஜெர்மானிய ஞானத்தையும் இந்திய ஞானத்தையும் ஒப்பிடும் நூல்கள் பலவற்றில், உயிர்கள் பல என்றும், உலகம் உள்பொருள் என்றும், காலமும் உடம்பும் உயிர்க்கு உதவும் கருவிகள் என்றும் கூறும் நம் கொள்கை இடம்பெறுவதில்லை. அவ்விடத்தை நிரப்புதல் நம் கடன். இனி மூன்று பொருளையும் முறையே ஆராய்வாம்.

உயிர்

ஜெர்மனியின் கோனிக்ஸ்பர்க் நகரிலே வாழ்ந்த இம்மானுவேல் காண்ட் (1724 - 1804) என்னும் பேரறிஞர் 1781ஆம் ஆண்டிலே தூய அறிவைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். அதில் அவர் கூறுவதன் சாரம் இது: நாம் எதை எண்ணினும் அவ்வெண்ணத்தோடு 'நான் எண்ணுகின்றேன்' என்பது உடன்வருதல் கூடும், அஃதின்றேல் எண்ணங்கள் ஒருவனுடையன ஆகா. ஆனால் அந்த 'நான்' என்பதனைத் தனியே பிடித்து நிறுத்தி, இஃது அழியாத பொருள், இது பகுக்கப்படாத பொருள் என்று அறிவினால் நிறுவுதல் இயலாது. நம்மை நாம் அறியும்போதும் நாம் தோன்றுமாற்றையே அறிகின்றோம், உள்ளவாற்றை அறிகின்றோமில்லை.

இது கூரிய கூற்று. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரத்திலே உயிர் உண்டென்பதனைக் காரணங்கள் பல காட்டி நிறுவினார். 'இது நானன்று, இது நானன்று' என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு செல்பவன் ஒருவன் உளன். அவன் கழிக்கப்பட்டவற்றுள் ஒன்றாதல் செல்லாது. 'என் வீடு' என்பது போல 'என் உடம்பு' என்கின்றோம்; உடையவன் உடைமையின் வேறாவான். கண்ணுக்குக் கேட்டலில்லை, செவிக்குக் காண்டலில்லை. இரண்டையும் ஒருங்கு அறிவது இரண்டின் வேறாதல் வேண்டும். உறக்கத்திலும் மூச்சு இயங்குகின்றது. ஆயினும் அப்பொழுது உண்டலும் தொழில் செய்தலும் இல்லை. ஆகலின் மூச்சும் உயிரன்று. இவ்வாறு செல்கின்றது அச்சூத்திரம்.

இங்கே காண்ட் எதிர்ப்பட்டால் யாது கூறுவார்? 'உடம்பன்று, பொறியன்று, மூச்சன்று எனக் கழித்தீர். எஞ்சியது இத்தன்மைத்து என்று எங்ஙனம் அறிந்தீர்?' என்பார். இக்கேள்வியைக் கண்டு சைவாசிரியன் அஞ்ச வேண்டுவதில்லை. ஏனெனில் சித்தாந்தமும் அதனையே கேட்கின்றது. உயிர் உண்டு என்பது கருதலளவையாற் பெறப்படும். உயிர் தன் உண்மையியல்பைத் தன் அறிவினாலேயே கண்டுகொள்ளும் என்று நம் ஆசாரியர் ஒருகாலும் கூறிற்றிலர். பாசஞானத்தானும் பசுஞானத்தானும் பதி விளங்கான். அவனருள் விளங்காதவழி உயிரும் தன்னைத் தானே காணமாட்டாது. தசகாரியம் என்று கூறப்படும் பத்துப் படிகளில், தத்துவங்களைக் கண்டு, அவை தானல்ல என நீங்கிய பின்னரே ஆன்மரூபமும், ஆன்மதரிசனமும், ஆன்மசுத்தியும் வைக்கப்பட்டன. அவையும் திருவருளின் ஒளியிலேயே நிகழ்வன. கண்ணுக்கு ஒளியிருப்பினும் ஞாயிற்றின் ஒளியின்றி அது காணாது. அதுபோல உயிர்க்கு அறிவிருப்பினும் காட்டுவார் காட்டினாலன்றிக் காணாது.

ஆகவே காண்ட் வந்து நின்ற எல்லை மெய்யான எல்லையே. அறிவு தன்னைத் தானே பற்றமாட்டாமையை அவர் கண்டார். அம்மாட்டாமைக்குக் காரணம் யாது என்பதையும், அது நீங்குமோ என்பதையும் அறிவின் எல்லைக்கு அப்பாற்பட்டன என்று நிறுத்தினார். நம் ஆசாரியர் அதற்குக் காரணம் ஆணவமலம் என்றனர். செம்பிற் களிம்பு போல அஃது அநாதியே உயிரோடு நின்று அறிவை மறைக்கின்றது. மறைப்பு உண்டெனின் நீக்கமும் உண்டு. நீக்குவான் ஒருவனும் உண்டு. அவர்க்கு எல்லையாய் நின்ற இடம் நமக்கு வாயிலாயிற்று.

சோப்பன்ஹவர் (1788 - 1860) வேறொரு வழி சென்றார். தனித்தனி உயிர்கள் என்று தோன்றுவதே மயக்கம். எல்லாவற்றின் உள்ளும் குருட்டிச்சை ஒன்றே நிற்கின்றது. அது தணிவதே விடுதலை என்றார். ஏகான்மவாதிகளின் கொள்கைக்கு இஃது ஒருபுடை ஒத்தது. நாமோ உயிர்கள் எண்ணிறந்தன என்கின்றோம். ஒருவன் வீடுபெற மற்றொருவன் கட்டுண்டிருத்தல் காண்கின்றோமன்றோ? உயிர் ஒன்றேயாயின் அவ்வேறுபாடு பொருந்தாது. இது வகுப்பறை வாதம் மாத்திரமன்று. உயிர்கள் பல என்னும் கொள்கையிலேதான் ஒவ்வொரு குழந்தையும் இறைவன் கருத்திலே தனித்தனி இடம்பெறுகின்றது.

இதன் கனம் நம் தோட்டங்களில் நன்கு விளங்கும். தோட்டத்திலே ஒருவன் ஒருநாள் உழைத்தால் அவனுக்கு ஒரு 'பேர்' விழுந்தது என்பர். அரைநாளாயின் 'அரைப்பேர்' என்பர். செக்ரோலிலே மனிதன் பேராகவும் அரைப்பேராகவும் எண்ணப்படுகின்றான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையோ 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னொருகால் முடிவு செய்தற்கு என்று அவர்களைத் தொகையாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோர்க்குக் குடியுரிமை எளிதாயிற்று. இவ்வளவு நெடுங்காலம் தொகையாகவே எண்ணப்பட்டோரின் பேரப்பிள்ளைகளுக்கு முன் நின்று, 'நீ எண்ணிக்கையுள் அடங்குவாயல்லை. நீ அறிவுடைய, அநாதியான, இறைவனுக்கே உரிய ஓர் உயிர்' என்று கூறும் ஆசிரியர், ஏட்டுச்சுரைக்காய் கூறுகின்றாரல்லர்.

காலம்

இனிக் காலம். காண்ட் கூறுவது வருமாறு: காலம் புறத்தே தானாக நிற்கும் ஒரு பொருளன்று, பொருள்களின் குணமுமன்று, நாம் எதனையும் உள்ளத்தால் உணரும் உணர்ச்சிக்கு இயல்பாயமைந்த வடிவம். அனுபவத்திலிருந்து நாம் காலத்தைக் கற்றோமல்லேம். அனுபவம் உண்டாதற்கே காலம் முன்வேண்டும். நம் அனுபவத்துக்கு உட்பட்ட எல்லாவற்றிலும் காலம் மெய்யே. அனுபவத்துக்கு அப்பாற்பட்ட பொருளிலோ அதற்கு இடமில்லை.

அவர் இந்நூலை வெளியிட்ட காலத்திலே தமிழகத்தில் ஒரு பெருஞ்சான்றோர் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் செய்தவராய் விளங்கினார். அவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர். அவர் சிவபரிபூரணம் எய்தியது 1785ஆம் ஆண்டு. காண்டின் நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகளே சென்றிருந்தன. ஒருவரையொருவர் அறியாமல், உலகின் இரு கோடிகளில், உயிரின் அறிவு எவற்றாற் கட்டுண்டு நிற்கின்றது என்பதனையே இருவரும் அக்காலத்து ஆராய்ந்தனர். கோனிக்ஸ்பர்க்கிலே எழுதியது விரைவில் அச்சேறி உலகெங்கும் பரவிற்று. திருவாவடுதுறையிலே எழுதியது மடத்து ஏட்டிலே நெடுங்காலம் தங்கி, 20ஆம் நூற்றாண்டிலேதான் முழுமையாக அச்சில் வெளிவந்தது. அறிவிற் குறைவில்லை, அதனைப் பரப்புதலிலே நாம் பின்தங்கினோம். மறுமலர்ச்சிச் சங்கங்கள் தோன்றியதற்கு வேறு காரணம் வேண்டுமோ?

சித்தாந்தத்திலே காலம் முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்று, வித்தியாதத்துவம் ஏழனுள் வைத்து எண்ணப்படுவது, அசுத்தமாயையினின்று தோன்றுவது, சடம். காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்தும் பஞ்சகஞ்சுகம் எனப்படும். கஞ்சுகம் என்பது சட்டை. இவ்வைந்து சட்டையை உடுத்த உயிரே புருடன் என்று பெயர்பெறும். கலை ஆணவத்தைச் சிறிது விலக்கித் தொழிலை எழுப்பும். வித்தை அறிவை எழுப்பும். அராகம் விருப்பை எழுப்பும். நியதி செய்தான் வினை செய்தானையே சாரும்படி நிறுத்தும். காலம் இறந்தது, நிகழ்வது, எதிர்வது எனப் போகத்தை வரையறுத்து எல்லைப்படுத்தும்.

இவ்விடத்தே ஒப்புமையும் வேற்றுமையும் ஒருங்கே விளங்குகின்றன. காலம் உயிரின் அறிவு நிகழுமாற்றோடு ஒட்டியது, பரம்பொருளைத் தீண்டாதது என்பதில் இருவரும் ஒப்பர். ஆயின் காண்டுக்குக் காலம் கண்ணின் இயல்பு. நமக்கு அஃது உடுத்த சட்டை. கண்ணின் இயல்பைக் களைதல் கூடாது, சட்டையைக் களையலாம். அன்றியும், சட்டை தானே வந்து உடம்பிற் பொருந்துவதில்லை. உடுத்தினான் ஒருவன் உளன். குளிர்ந்த குழந்தைக்குத் தாய் உடுத்துமாறு போல அருளால் உடுத்தினான். இனி வேண்டா என்னும் பருவத்தில் அவனே களைவான்.

பின்வந்த ஹைடெக்கர் என்பார் 1927ஆம் ஆண்டிலே இருத்தலும் காலமும் என்னும் பொருள்பற்றிப் பெருநூல் இயற்றினார். காலம் என்பது நொடிகளின் வரிசை மாத்திரமன்று. மனிதன் தான் இறப்பான் என்பதை முன்னோக்கி வாழ்பவனாதலின் அவன் இருப்பே காலமயமானது. ஊரார் போக்கிலே தன்னை மறந்து திரிபவன் தன் மரணத்தை எதிர்நோக்கும்போதே தன்னை உடையவனாகின்றான் என்பது அவர் கருத்து. நிலையாமை கூறும் நம் நூல்களைக் கற்றோர்க்கு இக்குரல் புதிதன்று. அருணந்தி சிவாசாரியரும் மானிடப் பிறவியின் அருமையைக் கடலைக் கையால் நீந்திக் கரையேறுதற்கு ஒப்பிட்டருளினார். கிடைத்தது அரிது, கழிவது விரைவு, ஆதலின் இப்பொழுதே என்பது இருவர்க்கும் பொது. வேற்றுமை யாதெனின், ஹைடெக்கர் மரணத்தை மனிதன் இருப்பின் இறுதி எல்லையாக வைத்து ஆராய்ந்தார்; நம்மவர்க்கு மரணம் ஒரு கருவியின் நீக்கமேயன்றி உயிரின் முடிவன்று.

இது கற்றோர் அவைக்கு மாத்திரம் உரிய ஆராய்ச்சியோ எனின், அன்று. 2016ஆம் ஆண்டு மே மாதத்து மழையிலே நம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கையிலும் புளத்கொகுப்பிட்டியிலும் மலை சரிந்து வீடுகளை மூடிற்று. லயத்தில் உறங்கினாரும் ஊரில் உறங்கினாரும், தமிழரும் சிங்களவரும் மண்ணிற் புதைந்தனர். அடுத்த கிழமை வகுப்புக்கு வரும் குழந்தை காலத்தைப் பற்றியே கேட்கும்; 'நேற்று இருந்தவர் இன்று எங்கே?' என்பதே அதன் சொல்லாயிருக்கும். அக்குழந்தைக்கு மெய்யியலார் பெயர் வேண்டுவதில்லை. சட்டை கிழிந்தது, உடுத்தவர் கெட்டாரல்லர் என்று அன்போடு கூறும் ஆசிரியர் வேண்டும். அவ்வாறு கூறுபவர் தாம் அதனை ஆராய்ந்து தெளிந்தவராயிருத்தலும் வேண்டும்.

உடம்பு

மேனாட்டிலே நெடுங்காலம் அறிவே மனிதன், உடம்பு அதன் சுமை என்னும் கருத்து ஓங்கிநின்றது. அதனைச் சோப்பன்ஹவர் முதலில் அசைத்தார். உலகத்துப் பொருள்களையெல்லாம் நாம் புறத்தே நின்று காண்கின்றோம். உடம்பு ஒன்றையே உள்ளிருந்தும் அறிகின்றோம். உடம்பென்பது கண்ணுக்குத் தோன்றும் இச்சையே என்றார். நீட்சே (1844 - 1900) மேலுஞ் சென்று, உடம்பை இகழ்வாரை இகழ்ந்தார். அறிவு என்று செருக்குவது உடம்பின் ஒரு சிறு கருவியே, உடம்பின் அறிவே பேரறிவு என்றார்.

உடம்பை இகழலாகாது என்பதில் நாம் நீட்சேயோடு உடன்படுவோம். திருமூல நாயனார், உடம்பை முன்னர் இழிவென்று எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே உறுபொருளைக் கண்டு அதனை ஓம்புவாராயினார் என்பது திருமந்திரம் ஓதினார் அறிவர். ஆயின் உடம்பே அறியும் என்பதில் உடன்படோம். மெய்கண்ட தேவர் உடம்பை மாயையாலாகிய எந்திரம் என்றார். தோட்டத்துத் தொழிற்சாலையிலே ரப்பர்ப் பாலை உறையச்செய்து உருளைகளுக்கிடையே இட்டு அழுத்துகின்றனர், உருளை அழுத்துகின்றது, தான் அழுத்துவதை அஃது அறியாது. எந்திரம் எத்துணை நுட்பமாயினும் அறிவான் வேறொருவன்.

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிலே இதனினும் அழகிய உவமை ஒன்றைத் தந்தருளினார். பொழுது விடியுமளவும் உதவும் விளக்குப் போன்றது மாயையின் காரியமாகிய உடம்பு முதலியன என்பது அதன் கருத்து. இருள் ஆணவம், விடியல் அருள், இடையே கையிற் பிடித்த சிறுவிளக்கு உடம்பு. விளக்கை ஞாயிறென்று எண்ணுபவன் உலகாயதன். விளக்கை இருளென்று எறிபவன் அறிவிலி. விடியும்வரை அதனைத் தூண்டிக் காத்து வழிநடப்பவன் சைவன். எம் பகுதியிலே பால்வெட்டுவோர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. குளிர்ந்த வேளையிலேதான் பால் நன்கு ஒழுகும் என்று விடியலிலேயே மலையேறுகின்றவர்களுக்கு, சிறுவிளக்கின் அருமையும் வெயில் எழுந்தபின் அது வேண்டாமையும் நாள்தோறும் கண்ட செய்தி.

இனி ஒரு தடை. பால்வெட்டும் தாயின் மகள் ஒருத்தி, 'ஐயா, உடம்பு நானல்லேன் என்றால், அம்மாவுடைய தோள்நோவு யாருக்கு?' என்று வினவினால் ஆசிரியர் யாது விடை கூறுவார்? உடம்பு பொய், நோவும் பொய் என்று கூறுவராயின் அவர் சித்தாந்தியாகார். மாயை நமக்கு உள்பொருள். உடம்பு நிலையாததேயன்றி இல்லாததன்று. அன்றியும் நோவு உடம்புக்கு இல்லை, சடம் நோவறியாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்வது போல உடம்பைச் சார்ந்து உடம்பேயாய் நின்று வருந்துகின்றது. ஆகவே 'அந்நோவு உன் தாயின் உயிர்க்கே' என்பது விடை. அவ்வுயிர் சிவனுக்குரிய உயிர். உடம்பை வருத்துபவன் வெறும் எந்திரத்தை வருத்துகின்றானல்லன். இறைவனுக்கு உரிய ஒருவரை வருத்துகின்றான். உழைத்த உடம்புக்கு ஓய்வும், கூலியும், மருந்தும், நல்லுணவும் அளித்தல் அவ்விளக்குக்கு நெய்வார்த்தலாம்.

'எல்லாம் அவரவர் வினை' என்று கூறி ஏழையின் துன்பத்தைக் கடந்துபோவாரும் உளர். அவர்க்கும் சித்தாந்தமே மறுப்பு. கன்மம் சடம், அது தானே வந்து பயன்கொடாது, அறிந்து கூட்டுவான் இறைவன் ஒருவனே என்பது நம் துணிபு. அங்ஙனமாயின், பிறனுடைய வினைப்பயனை அளந்து கொடுக்கும் தொழிலை இறைவன் எந்த மனிதனிடத்தும் ஒப்படைத்திலன். பிறன் துன்பத்தைக் கண்டவிடத்து நமக்கு விதித்தது இரக்கமே, கணக்கன்று.

ஒழுக்கம்

கொள்கையின் பயன் ஒழுக்கத்திலே காணப்படும். சிவஞான முனிவர் மறைந்த அதே 1785ஆம் ஆண்டிலே காண்ட் ஒழுக்க நூல் ஒன்றை வெளியிட்டு, மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளற்க, அவனைப் பயனாகவும் கருதுக என்னும் விதியை நாட்டினார். செக்ரோலுக்கு முன்னே இவ்விதி எத்துணைப் பெரிது! அவர் இதற்குக் காரணமாக மனிதனது அறிவுடைமையைக் காட்டினார். நாம் அதனோடு, உயிர்கள் அனைத்தும் சிவனுக்கே அடிமை, ஆதலின் பிறர் ஒருவர்க்கும் அடிமையல்ல என்பதனையும் சேர்த்துக் கூறுவோம். திருநாவுக்கரசு சுவாமிகள் சிவனுக்கு ஆளானமையாலன்றோ பல்லவ மன்னன் ஆணைக்கு அஞ்சாது மறுத்தருளினார்!

நுண்ணறிவு மாத்திரம் மனிதனைக் காவாது என்பதற்கும் அந்நாட்டு வரலாறே சான்று. தன்னையும் காலத்தையும் அத்துணை ஆழமாக ஆராய்ந்த ஹைடெக்கர் 1933ஆம் ஆண்டிலே பிரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராகி, ஹிட்லரின் கட்சியிலும் சேர்ந்தார். உயிரைப் பற்றிய ஆராய்ச்சி பிறவுயிர்க்கு இரங்குதலாக முதிராவிடின் அஃது எத்துணைக் கூரிதாயினும் பயன்படாது. இதனைச் சொல்லி அயலாரை நோக்கி விரல்நீட்டுமுன் நம் மனையையும் நோக்குதல் வேண்டும். எல்லா உயிரும் சிவனுக்குரியன என்று ஓதிய நம்மவரே ஆலயவாயிலிற் பிறப்பைக் கேட்டனர். 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திற் கதவு அடைக்கப்பட்டபோது உள்ளே இருந்தோர் சித்தாந்தம் கேட்டறியாதவரோ? ஓதிய ஓத்து நெஞ்சில் இறங்காமையே அதற்குக் காரணம்.

ஆசிரிய அன்பர்களே, இவற்றால் நாம் வேண்டிக்கொள்வன சில. மேனாட்டார் கருத்தொன்று வகுப்பிலே எழுந்தால், முதலில் அதனை அவர் கூறியவாறே கூறுக. அதன் வலிமையை மறையற்க. அடுத்து, நம் நூல் அதனோடு எவ்வளவு தூரம் உடன்செல்கின்றது, எவ்விடத்திற் பிரிகின்றது, ஏன் பிரிகின்றது என்று காட்டுக. உடம்பு பொய், உலகம் பொய் என்னும் சொற்களைச் சைவநெறிப் பாடத்திற் சேர்க்கற்க. அவை நம் சொற்களல்ல. வினையைக் கூறுமிடத்தெல்லாம் அருளையும் கூறுக.

சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரத்திலே ஒரு வரலாறு உவமையாக நிற்கின்றது. அரசன் மகன் ஒருவன் குழந்தைப் பருவத்திலே வேடர் கையில் அகப்பட்டு, அவர் குடிலில் வளர்ந்து, தன்னையும் வேடனென்றே எண்ணியிருந்தான். தந்தையாகிய அரசன் வந்து, 'நீ என் மகன்' என்று உணர்த்தினான். அவன் புதிதாக ஒன்று ஆனானல்லன். முன்னரே இருந்ததை அறிந்தான். ஐம்பொறிகளாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த உயிர்க்கு, இறைவனே குருவாய் வந்து உணர்த்துமாற்றை அவ்வுவமை விளக்குகின்றது. காண்ட் அக்குடிலின் சுவரை நுணுகி அளந்தார். ஹைடெக்கர் அங்கே பொழுது சாய்தலைக் கண்டார். நீட்சே வேடனின் உடல்வலிமையைப் போற்றினார். அவர் கண்டன பொய்யல்ல. வாயிலில் வந்து பெயர்சொல்லி அழைக்கும் தந்தையின் குரலே அவர் நூல்களிற் கேட்கப்படாதது.

அக்குரலின் ஒரு சிறு எதிரொலியாய் நிற்கும் பேறு ஆசிரியத் தொழிலுக்கு உண்டு. செக்ரோலிற் பேராயும், புள்ளிவிவரத்தில் எண்ணாயும் நின்றோருடைய மக்களை நோக்கி, நீ இன்னான் என்று உண்மையை உணர்த்தும் தொழில் அது. அதனைச் செவ்வனே ஆற்றும் அறிவையும் அன்பையும் எல்லாம்வல்ல சிவபெருமான் நம்மனைவர்க்கும் அருள்செய்வாராக.

சிவம்.